அப்பாவின் வலது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்

1

கம்பெனியை மூடப்போகிறார்கள் என்பதை முதலில் என் மனைவி மாலதியிடம் சொன்னேன். அடுத்ததாக அப்பாவிடம் சொன்னேன். நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கே, பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு சிறு நகரம். அப்பா இருப்பது திருவண்ணாமலையை ஒட்டி, கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை. இருபது வருடத்துக்கும் மேலாக எங்களை இணைத்து வைத்திருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோன்தான்.

சுற்றி வளைத்துச் சொல்ல அன்றைக்குத் தெம்பில்லை. நேராகவே சொல்லிவிட்டேன்.

“அப்பா, எங்க கம்பெனிய மூடறாங்கப்பா. இன்னும் மூணு மாசம்தான். அப்புறம் எனக்கு வேலை இல்ல.”

அப்பா தெளிவான, திருப்தியான குரலில் பேசினார்.

“ரொம்ப சந்தோஷம்ப்பா. எல்லாரும் நல்லா இருங்க. கோயிலுக்குப் போனா சாமிக்கு ஒரு மாலை போட்டுடறேன்.”

என் தங்கை அமுதா ஃபோனை வாங்கினாள். கீழ்பென்னாத்தூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் அப்பாவும் அவளும்தான்.

“அண்ணா, அவருக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு வருஷமாவே அப்படித்தான். நீ பேசி நிறுத்தினா சந்தோஷம்னுவாரு. இல்லன்னா சரிப்பான்னுவாரு. பாதி நேரம் அது பொருத்தமா வந்துடுது. அதான் உனக்குத் தெரியல.”

“ஏன் எனக்குச் சொல்லல?”

“சொன்னா நீ கத்திப் பேசுவ. கத்தினா நீ கோவமா கீறன்னு அவரு நெனச்சிப்பாரு. அதுக்கு இதுவே பரவால்லன்னு வுட்டுட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “வேலை நெஜமாவே போயிடுச்சாண்ணா?”

ஃபோனை வைத்த பிறகு அந்த ஒரு வருடத்தில் அப்பாவிடம் என்னென்ன சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். மாலதிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை என்று சொன்னேன். மகள் கணக்கில் தேறவில்லை என்று சொன்னேன். எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்றுகூட ஒருநாள் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவர் சரிப்பா, சந்தோஷம்ப்பா என்றுதான் பதில் சொன்னார். வயதாகி மனசு பக்குவப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

நான் வேலை பார்த்தது வால்வு செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். வந்த வால்வு கசிகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையை வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இந்த ஊரில் வால்வு சோதித்தவனை வைத்து வேறென்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

எனக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு உண்டு. ஸ்பீக்கர் செய்வது. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒன்றாக நிலத்தடியில் ஓர் அறை கொடுப்பார்கள். மற்றவர்கள் அதில் சைக்கிளும் உருளைக்கிழங்கும் வைத்திருக்கிறார்கள். என் அறையில் மரப் பலகையும் பழைய கம்ப்யூட்டரும் இருக்கின்றன.

ஸ்பீக்கர் செய்வதில் மரவேலை பாதிதான். மீதி கம்ப்யூட்டரில் நடக்கிறது. அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பைக் கடையில் வாங்குவோம், அதற்குத் தயாரிப்பாளர் சில எண்கள் கொடுத்திருப்பார். அதன் எடை எவ்வளவு, எவ்வளவு தளர்வாகத் தொங்குகிறது, எந்தச் சுருதியில் தானாக அதிரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த எண்களையும் பெட்டியின் அளவையும் ஒரு மென்பொருளில் போட்டால், பலகையை அறுப்பதற்கு முன்பே அந்தப் பெட்டி எப்படி ஒலிக்கும் என்று கோடு வரைந்து காட்டும். பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கோடு ஒரு பக்கம் தாழும், சிறிதாக்கினால் இன்னொரு பக்கம் எழும். நான் ஒரு பெட்டியை மாதக்கணக்காகத் திரையிலேயே செய்துகொண்டிருந்திருக்கிறேன். யாருக்கும் தொந்தரவில்லை, மரத்தூளும் இல்லை.

அளப்பதற்கு வேறொரு மென்பொருள். தாழ்ந்த சுருதியில் தொடங்கி உச்சிவரை ஒரே மூச்சில் ஏறும் ஓர் ஊளைச் சத்தத்தை அது ஸ்பீக்கர் வழியாக அனுப்பும். எதிரே நிற்கும் சிறிய மைக் அதைக் கேட்கும். போனதையும் வந்ததையும் ஒப்பிட்டு இன்னொரு கோடு வரையும். முதல் கோடும் இரண்டாவது கோடும் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசம். எங்கெங்கோ இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் எழுதியவை. இணையக் குழுவில் சந்தேகம் கேட்டால் சிடுசிடுப்பார்கள், ஆனால் பதில் எழுதுவார்கள். இந்த நாட்டில் நான் அதிகம் பேசியது அவர்களோடுதான்.

வேலை போகும் செய்தி வந்த வாரம் நிலத்தடி அறையில் அந்த ஊளையை ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் தாரணி சாப்பிடக் கூப்பிட வந்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருக்கிறாள்.

“அப்பா, அது நிறுத்து. காது வலிக்குது.”

“அது அப்பவே முடிஞ்சிடுச்சேம்மா.”

“இல்லை. இன்னும் கத்துது.”

திரையைப் பார்த்தேன். கோடு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் கேட்டது எப்போதோ நின்றுவிட்டது.

3

அப்பா அரசுப் பேருந்து ஓட்டியவர். பெங்களூர் வண்டி. பழைய வண்டிகளில் எஞ்சின் டிரைவருக்கு இடது பக்கம், மூடிய பெட்டிக்குள் உறுமிக்கொண்டிருக்கும். அவருடைய இடது காதைப் பல வருடங்களாக அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த வலது காது ஓரளவு பிழைத்தது. அந்த ஃபோனுக்குப் பிறகு காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார்.

“காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி கீது. எனக்கு வேணாம்” என்றாராம்.

திருவண்ணாமலையில் காது டாக்டர் எடுத்த பரிசோதனைத் தாளை அமுதா படம் பிடித்து அனுப்பினாள். அதிலும் வலது காதுக்கு ஒரு கோடு. தாளின் இடது ஓரத்தில் நன்றாகத் தொடங்கி, பாதி வழியில் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. இந்த மாதிரிக் கோடுகளை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரின் கோடு இப்படி இறங்கினால் எந்த இடத்தில் எவ்வளவு தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குக் குரல் கேட்கிறது, வார்த்தைதான் கேட்கவில்லை. ச, த, ப மாதிரி எழுத்துகளின் விளிம்பெல்லாம் அந்தச் சரிவுக்குக் கீழே விழுந்துவிடுகின்றன. மிஞ்சுவது ஆ, ஊ, ஓ. “எனக்கு வேலை இல்ல” என்பது அவருக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்தேன். அதற்கு மாலை போடுகிறேன் என்று சொன்னதில் தப்பில்லை.

அவர் சாய்வு நாற்காலிக்கு வலது பக்கம், காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைக்கலாம் என்று நினைத்தேன். ஒரே கூம்பு, மூடிய பெட்டி, கூடவே ஓர் ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட் பலகை. எந்தச் சுருதியை எவ்வளவு தூக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பலகையில் எழுதி வைக்கலாம். ஃபோனில் வரும் குரல் அது வழியாகப் போனால் போதும். வேலை தேட வேண்டிய நேரத்தில் இதைச் செய்கிறேன் என்று மாலதி சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததிலேயே தெரிந்தது.

பெட்டிக்குள் திணிக்கப் பஞ்சு வாங்க தாரணியோடு கடைக்குப் போனேன். ஒலியை அடக்கும் பஞ்சுக்கு இங்கே உள்ள பெயரும் ‘முட்டாள்’ என்பதற்கான சொல்லும் ஓர் எழுத்து வித்தியாசம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் நாக்கு அங்கே சறுக்கியது. முட்டாள் பஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “புத்திசாலிப் பஞ்சு தீர்ந்துவிட்டது, நீங்கள் கேட்டது மூன்றாவது வரிசையில் இருக்கிறது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். தாரணி பெயிண்ட் டப்பாக்கள் இருக்கும் பக்கம் போய், எனக்குச் சம்பந்தமில்லாதவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

கூம்பு, சர்க்யூட் பலகை, மைக், பஞ்சு எல்லாவற்றையும் பார்சல் போட்டேன். அது இந்தியா போய்ச் சேர்ந்து, சுங்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அமுதா அடையாள அட்டை அனுப்பினாள், முகவரிச் சான்று அனுப்பினாள். கடைசியில் ஓர் அதிகாரி ஃபோன் செய்து மைக் எதற்கு என்று கேட்டாராம்.

“ரூமோட சத்தத்த அளக்கறதுக்கு சார்.”

“அளந்து?”

“எங்க அப்பாவுக்குக் காது கேக்கணும் சார்.”

மறு வாரம் பார்சல் வந்துவிட்டது.

4

நான் அனுப்பிய வரைபடத்தை வைத்து ஊரில் பாபு ஆசாரி பெட்டி செய்து கொடுத்தார். அமுதா சர்க்யூட் சாமான்களை மாட்டினாள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மின்சாரம் நடத்துகிறவள், ஒயரைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை. அவள் லேப்டாப்பை நான் இங்கிருந்தே இயக்குகிற மாதிரியும், வீடியோவில் ஒருவரை ஒருவர் பார்க்கிற மாதிரியும் வைத்துக்கொண்டோம்.

முதல் தடவை அளந்தபோது கோடு ரம்பத்தின் பல் மாதிரி வந்தது. மறுபடி ஓட்டினேன். இன்னும் மோசம்.

“அங்க என்ன சத்தம் அமுதா?”

“பௌர்ணமிண்ணா இன்னிக்கு. காலண்டர் பாக்கலயா நீ? வாசல்ல ஜனம் ஜேஜேன்னு போவுது. ஊதல் விக்கறவன் எதிர்லயே நின்னுகினு ஊதறான். இதுல நீ மைக்க வச்சு அளக்கறேங்கற.”

ஊரில் பௌர்ணமி என்றைக்கு என்பது எனக்குத் தெரியாமல் போயிருந்தது. சின்ன வயதில் அந்த நாளை மறப்பதற்கு வழியே கிடையாது. வீட்டு வாசலைத் தாண்டக் கூட்டத்தில் இடம் பார்த்துத்தான் போக வேண்டும். அளவை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தோம்.

சனிக்கிழமை தெரு அமைதியாக இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அமுதா அவர் வலது காதோரம் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாம்மா இது? நான் பாடணுமா?” என்று அப்பா கேட்டார்.

அமுதா சைகையில் சும்மா இருக்கச் சொன்னாள். நான் ஊளையை ஓட்டினேன். கீழிருந்து ஏறியது. அப்பா புருவத்தைத் தூக்கினார். ஏதோ வண்டி மேடு ஏறுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். பாதி வழியில் தலை நிமிர்ந்தது.

“நின்னு போச்சு” என்றார்.

“நிக்கலப்பா. இன்னும் ஓடுது” என்றாள் அமுதா, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். திரையில் கோடு போய்க்கொண்டே இருந்தது. அவள் முகம் சுளித்தபடி மைக்கை ஆடாமல் பிடித்திருந்தாள். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கு இருக்கும் ஒன்று தனக்கு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்த மாதிரி இருந்தது.

அளவில் ஒரு கோளாறு தெரிந்தது. ஒரு சுருதியில் மட்டும் சத்தம் அடங்காமல் நீண்டுகொண்டே போனது. அந்தச் சுருதியை மட்டும் தனியாக ஓட்டி, அமுதாவை அறை முழுக்கக் காது வைத்துப் பார்க்கச் சொன்னேன். அம்மாவின் இரும்பு பீரோ. கதவு நடுங்கிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் செய்தித்தாளை மடித்துச் சொருகினாள். எதிர்ச்சுவரில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டாள். சிமெண்ட் அறையின் எதிரொலி பாதி குறைந்தது. பிறகு நாங்கள் பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து அந்தச் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினோம். அதிகம் தூக்கினால் காது கூசும், கம்மியாகத் தூக்கினால் பயனில்லை. இந்த வேலைக்கு நடுவில் என் கம்பெனியின் கடைசி நாளும் வந்து போனது. கேக் வெட்டினார்கள். ஒரு குடை கொடுத்தார்கள்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுதா ஃபோனை ஸ்பீக்கரோடு இணைத்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன்.

“சாப்ட்டியாப்பா?”

“சாப்ட்டேன்” என்றார். அது புதிதில்லை. எதைக் கேட்டாலும் முதல் பதில் அதுதான். அடுத்து அவர் சொன்னதுதான் புதிது. “உனக்கு இன்னா, சளி புடிச்சிகினு கீதா? மூக்கால பேசற.”

எனக்குச் சளி பிடித்திருந்தது. பின்னால் அமுதா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது திரையில் தெரிந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்டா பேச மாட்டேங்கற? கேக்குது, பேசு.”

கேட்காதவரிடம் பேசுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தார். கம்பெனி எப்படி இருக்கிறது என்றார். மூடிவிட்டார்கள் என்று மறுபடி சொன்னேன். எப்போது, ஏன், கூட இருந்தவர்கள் என்ன செய்கிறார்கள், உனக்கு இனிமேல் என்ன வழி என்று ஒன்றையும் விடவில்லை. மாலதி எப்படி இருக்கிறாள் என்றார், முதுகு ஆபரேஷனைச் சொன்னேன். “ஆபரேஷனா? எங்கிட்ட சொல்லவே இல்ல?” என்றார். அப்பவே சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. ஞாயிறு போதாமல் புதன்கிழமையும் கூப்பிட்டார். பிறகு நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டார். நான் போட்ட விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் அது. நாளெல்லாம் அந்நிய மொழியில் பதில் சொல்லிவிட்டு வந்தால், அதே கேள்விகளை அப்பா தமிழில் கேட்பார்.

தாரணியையும் பேச வைத்தேன். அவள் தமிழ் புரியும், ஆனால் சொற்கள் இந்த ஊர் வரிசையில் வரும்.

“தாத்தா, நான் நேத்து போனேன் மலைக்கு, என் வகுப்போட.”

“இன்னாம்மா?”

“நான் போனேன் மலைக்கு.”

“யாரு பேசறது? வெள்ளக்காரப் பொண்ணா?”

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சந்தேகம். அவள் மறுபடி சொன்னாள், அவர் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவைக்கு அவள் ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டாள்.

“முன்ன தாத்தா சும்மா சரிம்மான்னு சொல்வார். அதுதான் நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

மாலதி என்னைப் பார்த்தாள். நான் செய்த வேலையின் அளவு சரியாகத்தான் இருந்தது.

6

அமுதாவுக்கும் எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது. அவர் மாத்திரை சாப்பிடாதது, கால் வீங்கியது, இதெல்லாம் அவர் பக்கத்திலேயே பேசுவோம். கேட்காதவர் என்பதால் வந்த பழக்கம். ஸ்பீக்கர் வந்த பிறகும் அது போகவில்லை.

அன்றைக்கு அப்பா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றாள் அமுதா. வீடியோ அழைப்பில் இருந்த ஃபோன் ஸ்பீக்கரோடு இணைந்தே இருந்தது.

“ப்ரமோஷன் லிஸ்ட் வந்துச்சுண்ணா. ஹெச்.எம். போஸ்டிங் ஜவ்வாது மலைப் பக்கம். போனா அங்கயே தங்கணும், சனி ஞாயிறுதான் வர முடியும். வேணாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு கீறேன்.”

அன்றைக்குக் காலையில்தான் எனக்கு இன்னொரு நிராகரிப்புக் கடிதம் வந்திருந்தது. புதிதாக இன்னொரு பிரச்சினையைத் தூக்க என்னிடம் கை இல்லை.

“அந்த ஸ்கூல் வேணாம்னு எழுதிக் குடுத்துடு அமுதா. இப்ப என்னால அங்க வர முடியாது, அவரைப் பாத்துக்க வேற ஆளும் இல்ல. அவரு இருக்கற வரைக்கும்தானே. அப்புறம் நீ எங்க வேணா போ.”

“எந்த ஊரு இஸ்கூலு?” என்று அப்பா கேட்டார்.

கண்ணைத் திறந்திருந்தார். அமுதா ஃபோனை எடுக்கக் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வுடு. கேட்டுச்சு. அவன் பேசனதெல்லாம் கேட்டுச்சு.” பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து, நான் அதற்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி பேசினார். “நான் இருக்கற வரைக்கும்னா அது எத்தினி நாளுடா? உனக்குத் தெரிஞ்சா சொல்லு. நானும் அதுக்கேத்த மாதிரி இருந்துக்கறேன்.”

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என் மூச்சுகூட அந்த அறையில் தெளிவாகக் கேட்டிருக்கும். அதற்காகத்தானே அத்தனை சனிக்கிழமை உட்கார்ந்தேன்.

அவர் அமுதாவைப் பார்த்துத் திரும்பினார். அவள் சொல்வதை உதட்டசைவிலும் சைகையிலும் புரிந்துகொண்டார். கேள்வியும் பதிலும் எனக்குக் கேட்டன.

“எனக்காகத்தான் வேணாம்னியா?”

“ஆமாப்பா.”

“இதுக்கு முன்னாடியும் வந்துச்சா?”

அவள் ஒரு விரலைக் காட்டினாள்.

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?”

“இந்தக் கூடத்துலயேதான் சொன்னேன். நீ சந்தோஷம்மான்ன.”

அப்பா ரொம்ப நேரம் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “சோறு எதிர்வூட்டு சாந்திகிட்ட சொல்லிக்கலாம். பெங்களூர் வண்டி ஓட்டினப்போ மாசத்துல பாதி நாளு நான் ரோட்லதான் படுத்தேன். இந்த வூட்ல தனியா படுக்க மாட்டேனா? நீ போம்மா.”

மறுநாள் அமுதா தனியாகக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று தெரியும். “நல்லா கேக்கற மாதிரிதாண்ணா செஞ்சிருக்க” என்றாள். அதோடு வைத்துவிட்டாள். நாலைந்து நாள் கழித்துத்தான் மறுபடி பேசினாள்.

“போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அப்பா சொன்னார்ங்கறதுக்காக இல்ல. எனக்கு அந்த ஹெச்.எம். சேர் வேணும்ண்ணா. வேணுமான்னு இத்தினி நாளா யாரும் என்னைக் கேக்கல. நானும் கேட்டுக்கல.”

7

இங்கே வேலை இல்லாமல் அரசு உதவித்தொகை வாங்குகிறவன் வேலை தேடுவதற்காக வீட்டிலேயே இருக்க வேண்டும். கடிதம் போட்டால் கையில் கிடைக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஊரை விட்டுப் போவதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஆலோசகர் அம்மாள் நல்லவர், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும் அவருக்கு. பயணத்தின் காரணம் என்ன என்றார். அப்பா தனியாக இருக்கிறார் என்றேன். நோயாளியா என்றார். இல்லை என்றேன். காது கேட்காது என்றேன். அப்படியானால் நீங்கள் போய் என்ன செய்வீர்கள் என்று, குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரோடு பேசுவேன் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘குடும்பம்’ என்று எழுதிக்கொண்டு மூன்று வாரம் கொடுத்தார்.

தாரணிக்குத் தேர்வு. மாலதிக்கு விடுப்பு இல்லை. நான் மட்டும் போனேன். திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனபோது காலை வெயில் ஏறியிருந்தது. அமுதா ஜவ்வாது மலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். நான் போய்த் தோளைப் பிடித்தேன். இளைத்திருந்தார். சாந்தி அக்கா கொடுத்த இட்லி தூக்குவாளியில் இருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

நான் ஒன்றைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அவர் கைகழுவி உட்கார்ந்ததும் வலது பக்கமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“அப்பா, அன்னிக்கு நான் ஃபோன்ல சொன்னது...”

“ஆங்?”

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் அதைக் கத்திச் சொன்னால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. சாந்தி அக்கா வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பையிலிருந்த சின்ன மைக்கை எடுத்து நேராக ஸ்பீக்கர் பெட்டியில் சொருகிப் பார்த்தேன். மைக்கும் ஸ்பீக்கரும் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பது இந்த வேலை பழகும் எவனுக்கும் முதல் நாளே தெரியும். கீ என்று அலறியது. அப்பா காதைப் பொத்திக்கொண்டார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

“அதெல்லாம் எடுத்து வை” என்றார். “மேல போய் ஃபோன் போடு. பேசலாம்.”

படியேறி மொட்டை மாடிக்குப் போனேன். எதிரே மலை, வெயிலில் வெளுத்துக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டு ஃபோன் செய்தேன். கீழே மணி அடித்தது. அவர் எடுத்தார். அவர் குரல் முதலில் ஜன்னல் வழியாகவும் அப்புறம் ஃபோனிலும் வந்தது.

“இப்ப சொல்லு. கேக்குது.”

“அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. நீ இருக்கற வரைக்கும்னு. வேலை போன கவலைல என்ன பேசறோம்னு தெரியாம பேசிட்டேன். தப்புதான்.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“அது கெடக்கட்டும்” என்றார் அப்பா. “கீழ வரும்போது தொட்டியில தண்ணி கீதான்னு பாத்துட்டு வா.”

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. அதையும் ஃபோனிலேயே சொன்னேன்.